இங்கிலீஷிலும் ஒரு "ங்க" உண்டு!

என் சித்தியைப் போல் மரியாதை தெரிந்த மனுஷியைக் காண்பது அரிது. காய்கறி விற்க வரும் அம்மாளிடம்கூட, "கத்தரிக்காய் கிலோ என்ன விலைன்னு கொஞ்சம் சொல்றீங்களா?" என்றுதான் கேட்பாள். பஸ் கண்டக்டரானாலும் சரி, பால் போடும் பையனானாலும் சரி, "ங்க" சேர்க்காமல் அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது.

அப்பேர்ப்பட்ட சித்தி, புனே நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் மரியாதை தெரியாதவள் என்று பெயர் எடுத்துக் கொண்டு வந்தாள் என்றால் நீங்கள் நம்புவீர்களா? நானும் முதலில் நம்பவில்லை.

மகளுக்குப் பிரசவம் என்று சித்தி புனேக்குப் போயிருந்தாள். ஆபரேஷன் செய்துதான் குழந்தையை எடுத்தார்கள். தாயும் சேயும் சௌக்கியம். மாப்பிள்ளை பகலில் ஆபீஸுக்குப் போய் விடுவார். ஆஸ்பத்திரியில் சித்திதான் காவல். சித்திக்கு மராத்தி தெரியாது. ஹிந்தி அதைவிடத் தெரியாது. ஆனால் எஸ்.எஸ்.எல்.ஸி. பரீட்சையில் இங்கிலீஷில் 72 மார்க் வாங்கியவள் அல்லவா? ஆகவே தைரியமாக நர்ஸ்கள் உட்கார்ந்திருக்கும் மேஜையண்டை போய், "வேர் இஸ் டாக்டர்? வென் ஹி வில் கம்?" என்று கேட்டாள்.

மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் தலை நிமிரவில்லை. "வெயிட்!" என்று ஒரே ஒரு வார்த்தையைத் தூக்கிப் போட்டாள். பிறகு பக்கத்திலிருந்தவளிடம் என்னவோ சொன்னாள், இருவரும் சிரித்தார்கள்.

சித்தியின் முகம் சுண்டிப் போயிற்று. தான் கேட்டதில் ஏதோ கோளாறு என்று புரிந்தது. என்ன கோளாறு என்று புரியவில்லை. இனிமேல் இந்த ஊரை விட்டுக் கிளம்பும் வரை வாயைத் திறப்பதில்லை என்று அந்த நிமிஷமே தீர்மானித்து விட்டாள்.

மறுநாள் காலை நர்ஸ் ஒரு புது மாத்திரையைக் கொடுத்து விட்டுப் போனாள். ஆகாரத்துக்கு முன்னால் கொடுப்பதா, பின்னால் கொடுப்பதா? சித்திக்குச் சந்தேகம். மேஜை பத்தடி தூரம்தான். எழுந்து போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வெறும் வயிற்றில் மாத்திரையை விழுங்கிய மகள், காலை முழுவதும் குமட்டிக் குமட்டி வாந்தி எடுத்து, தையல் போட்ட வயிற்றைக் கையால் பிடித்துக் கொண்டு துடித்துப் போனாள். பெரிய ஆபத்து ஒன்றும் நேரவில்லை. இரண்டு நாளில் சரியாகி விட்டது. ஆனால் சித்திக்குச் சரியாகவில்லை.

"பத்தடி நடந்து போய்க் கேட்க எனக்கு வாய் இல்லாம போச்சே! நீதான் பி.ஏ. இங்கிலீஷ் ஆச்சே, சொல்லு. நான் என்னடி தப்பாக் கேட்டுட்டேன்?" என்று ஊருக்குத் திரும்பியதும் என்னைப் பிடித்துக் கொண்டாள். கண்ணில் நீர் முட்டிக் கொண்டு நின்றது.

அன்று சித்திக்குச் சொன்னதைத்தான் இன்று உங்களுக்கும் சொல்லப் போகிறேன். இலக்கணம் என்றதும் பக்கத்தைப் புரட்டித் தொடர்கதைக்கு ஓடி விடாதீர்கள். அடுப்பில் தோசைக் கல்லும் ஆப்பச் சட்டியும் இருக்கிற வீட்டில் இது வெகு சுலபமான விஷயம்.

"நீ" போயிற்று, "நீங்கள்" நின்றது

தமிழில் நமக்கு எத்தனை சௌகரியம் பாருங்கள். "வா" என்றால் குழந்தை. "வாங்க" என்றால் பெரியவர். ஒரு விகுதியைச் சேர்த்து விட்டால் மரியாதை தானே வந்து உட்கார்ந்து விடுகிறது.

இங்கிலீஷிலும் ஒரு காலத்தில் இந்த வித்தியாசம் இருந்தது. "தௌ" என்றால் நீ. "யூ" என்றால் நீங்கள். ஷேக்ஸ்பியரின் (1564-1616) நாடகங்களில் இரண்டையும் பார்க்கலாம். பிற்பாடு "தௌ" என்ற சொல் கொஞ்சம் கொஞ்சமாகப் பொதுப் பேச்சிலிருந்து நழுவி விட்டது. இன்று பழைய பிரார்த்தனைகளிலும், பழைய கவிதைகளிலும், சில வட்டாரப் பேச்சுகளிலும்தான் அது மிச்சம். "நீ" போய், "நீங்கள்" மட்டும் நின்றது. எல்லோரும் "நீங்கள்" என்று ஆன பிறகு, அந்தச் சொல்லில் விசேஷ மரியாதை ஏது? ராணியும் "யூ"தான், வாசலில் படுத்திருக்கும் நாயும் "யூ"தான்! வினைச்சொல்லிலும் வழி இல்லை. "கம்" என்றால் வா என்றும் பொருள், வாருங்கள் என்றும் பொருள்.

அப்படியானால் முன்பின் தெரியாதவரிடம் மரியாதையாக ஒன்றைக் கேட்பது எப்படி? ப்ளீஸ் என்று சேர்ப்பது ஒரு வழி. அதைவிட நாசூக்கான வழி ஒன்று உண்டு. கேள்வியை அப்படியே முகத்துக்கு நேரே நீட்டாமல், இன்னொரு வாக்கியத்துக்குள் பொதிந்து கொடுப்பது. வெற்றிலை பாக்கைக் கையில் திணிக்காமல் தட்டில் வைத்து நீட்டுகிறோமே, அந்த மாதிரி.

"வேர் இஸ் தி டாக்டர்?" இது வெறும் கேள்வி. "டாக்டர் எங்கே?" என்பது போல.

"குட் யூ டெல் மீ வேர் தி டாக்டர் இஸ்?" இது தட்டில் வைத்த கேள்வி. "டாக்டர் எங்கே இருக்கிறார் என்று கொஞ்சம் சொல்லுகிறீர்களா?" என்பது போல.

இந்த இரண்டாவது வாக்கியம்தான் இங்கிலீஷின் "ங்க". கத்தரிக்காய் விலையைச் சித்தி தமிழில் எப்படிக் கேட்டாள் என்று மறுபடியும் பாருங்கள். "என்ன விலை?" என்று அவள் கேட்கவில்லை, "என்ன விலைன்னு சொல்றீங்களா?" என்றாள். தமிழில் தானாகவே செய்கிற காரியத்தை அவள் இங்கிலீஷில் செய்யவில்லை. அவ்வளவுதான் நடந்தது. மனசில் மரியாதை இருந்தது; அதை எடுத்து வைக்கத் தட்டு கிடைக்கவில்லை.

இந்த மரியாதைக்கும் ஓர் அளவு உண்டு என்பதை ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள். சிநேகிதியிடமோ, வீட்டு மனிதர்களிடமோ வெறும் கேள்வியே போதும். காலையில் எழுந்ததும் உங்கள் கணவரிடம், "காபிப் பொடி எங்கே இருக்கிறது என்று தாங்கள் கூற இயலுமா?" என்ற தோரணையில் இங்கிலீஷில் கேட்டு வையுங்கள். மனுஷர் பயந்தே போய் விடுவார்!

தோசையும் ஆப்பமும்

தட்டில் வைக்கும்போது ஒரு சூட்சுமம் இருக்கிறது. மேலே உள்ள இரண்டு இங்கிலீஷ் வாக்கியங்களையும் இன்னொரு தரம் படியுங்கள். முதலாவதில் "இஸ் தி டாக்டர்" என்று இருக்கிறது. இரண்டாவதில் "தி டாக்டர் இஸ்" என்று இருக்கிறது. வார்த்தைகள் இடம் மாறியிருக்கின்றன அல்லவா? நம்மில் பலர் வழுக்கி விழுகிற இடம் இதுதான்.

இங்கிலீஷில் சாதாரண வாக்கியத்தைக் கேள்வியாக்க வேண்டுமானால் அதைத் திருப்பிப் போட வேண்டும். "ஹி இஸ் அட் ஹோம்" என்றால் அவர் வீட்டில் இருக்கிறார். "இஸ் ஹி அட் ஹோம்?" என்றால் இருக்கிறாரா? "ஹி வில் கம்" என்றால் வருவார். "வில் ஹி கம்?" என்றால் வருவாரா? எப்போது வருவார் என்றால், "வென் வில் ஹி கம்?" ஆள் பின்னால் போய், "இஸ்", "வில்" போன்ற துணைச் சொல் முன்னால் வந்து விடுகிறது.

துணைச் சொல்லே இல்லாத வாக்கியமானால்? "ஷி குக்ஸ் வெல்" என்ற மாதிரி. அப்போது "டூ" என்ற ஒரு கூலி ஆளை வெளியிலிருந்து கூட்டி வருகிறார்கள். "டஸ் ஷி குக் வெல்?" இந்த "டூ"வுக்குத் தனியாக அர்த்தம் ஒன்றும் கிடையாது. கேள்வியைத் திருப்பிப் போட ஒரு கை வேண்டும். அதற்காக வந்த ஆள்.

ஆகவே நேர்க் கேள்வி என்பது தோசை. கட்டாயம் திருப்பிப் போட வேண்டும்.

அந்தக் கேள்வியையே இன்னொரு வாக்கியத்துக்குள் வைத்து விட்டீர்களானால், அது ஆப்பம். ஆப்பத்தைத் திருப்பலாமோ? கூடவே கூடாது. வார்த்தைகள் சாதாரண வாக்கியத்தில் இருந்த வரிசைக்கே திரும்பி விடும். கூலிக்கு வந்த "டூ"வுக்கும் வேலை முடிந்து விட்டது. அது வீட்டுக்குப் போய் விடும்.

தோசை: "வேர் இஸ் தி பாங்க்?"
ஆப்பம்: "குட் யூ டெல் மீ வேர் தி பாங்க் இஸ்?"

தோசை: "வென் வில் தி ரிப்போர்ட் கம்?"
ஆப்பம்: "டூ யூ நோ வென் தி ரிப்போர்ட் வில் கம்?"

தோசை: "வாட் டஸ் திஸ் வேர்ட் மீன்?"
ஆப்பம்: "கேன் யூ டெல் மீ வாட் திஸ் வேர்ட் மீன்ஸ்?"

கடைசி ஜோடியில் "டஸ்" காணாமல் போய், அது வாங்கிக் கொண்டு போயிருந்த "ஸ்" என்ற ஒலி மறுபடியும் "மீன்ஸ்" என்று சொந்தக்காரனிடமே வந்து சேர்ந்திருப்பதைக் கவனியுங்கள். "டிட்" வந்திருந்தாலும் இதே கதைதான். "வேர் டிட் ஷி கோ?" என்பது, "ஐ டோண்ட் நோ வேர் ஷி வென்ட்" என்று ஆகி விடும்.

ஒரு வாக்கியத்தில் ஒரே ஒரு திருப்பல்தான் என்று வைத்துக் கொண்டாலும் போதும். "குட் யூ" என்று முன்னாலேயே ஒரு தடவை திருப்பியாகி விட்டது. உள்ளே போய் இன்னொரு தடவை திருப்ப வேண்டாம்.

ஏன் நமக்கு மட்டும் குறுக்கே போகிறது?

சித்தி கேட்டது, "வென் ஹி வில் கம்?" திருப்ப வேண்டிய தோசையைத் திருப்பவில்லை. என் அடுத்த வீட்டுப் பெண் காலேஜில் படிக்கிறாள். அவள் சொல்வது, "ஐ டோண்ட் நோ வென் வில் ஹி கம்." திருப்பக் கூடாத ஆப்பத்தைத் திருப்பி விட்டாள். ஒருத்தி செய்யாததை இன்னொருத்தி இடம் மாற்றிச் செய்கிறாள். இரண்டுக்கும் காரணம் ஒன்றே. அது அறியாமை அல்ல; தமிழ்ப் பழக்கம்.

தமிழில் கேள்வி கேட்க எந்த வார்த்தையும் இடம் மாறுவதில்லை. "வந்தார்" என்பதோடு ஓர் "ஆ" சேர்த்தால் "வந்தாரா?" ஆயிற்று. வினா எழுத்துகள் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது நினைவிருக்கிறதா? எ, யா சொல்லின் முதலில் வரும். ஆ, ஓ கடைசியில் வரும். ஏ இரண்டு இடத்திலும் வரும். பவணந்தி முனிவர் பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூலில் இதை வகுத்து வைத்து விட்டார். எழுத்தைச் சேர்ப்பதோடு சரி. திருப்புகிற வேலையே நம் பாஷையில் இல்லை. ஆகவே இங்கிலீஷ் பேசும்போதும் திருப்ப மறந்து விடுகிறோம்.

பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயர் அடித்துத் திருத்திய பிறகு திருப்பக் கற்றுக் கொள்கிறோம். அப்போது தமிழின் இரண்டாவது பழக்கம் குறுக்கே வருகிறது. "டாக்டர் எப்போது வருவார்?" என்பதை இன்னொரு வாக்கியத்துக்குள் வைக்க நாம் என்ன செய்கிறோம்? "டாக்டர் எப்போது வருவார் என்று தெரியாது." கேள்வியில் ஒரு மயிரிழை மாறவில்லை. அப்படியே தூக்கி, "என்று" என்னும் கயிற்றால் கட்டி விடுகிறோம். இங்கிலீஷிலும் அதே மாதிரி, பாடுபட்டுத் திருப்பிய கேள்வியை அப்படியே தூக்கி வைத்து விடுகிறோம்.

நம் வீட்டில் செய்யாமலே பழகிய ஒரு காரியத்தைப் பக்கத்து வீட்டில் போய்ச் செய்யத் தடுமாறினால், அதற்காக நாணிக் குனிய வேண்டுமா என்ன?

"ஆ"வுக்குப் பதில் "வெதர்"

இன்னும் ஒரு சங்கதி. "எங்கே", "எப்போது", "என்ன" என்று வராத கேள்விகள் உண்டு. "சிலிண்டர் வந்ததா?" "இன்று பள்ளிக்கூடம் உண்டா?" உண்டு, இல்லை என்று பதில் வரும் கேள்விகள். இவற்றை உள்ளே வைக்கும்போது, வாசலில் "இஃப்" அல்லது "வெதர்" என்ற ஒரு சொல்லை நிறுத்த வேண்டும். நம்முடைய "ஆ" செய்கிற வேலையை அங்கே அதுதான் செய்கிறது.

"ஹஸ் தி சிலிண்டர் கம்?" என்பது, "ஐ டோண்ட் நோ வெதர் தி சிலிண்டர் ஹஸ் கம்" என்று ஆகும்.

"இஸ் தேர் ஸ்கூல் டுடே?" என்பது, "குட் யூ டெல் மீ இஃப் தேர் இஸ் ஸ்கூல் டுடே?" என்று ஆகும்.

"என்று" என்றால் "தட்" என்று நினைத்து, "ஷி ஆஸ்க்டு மீ தட் வேர் டு யூ லிவ்" என்று சொல்கிறவர்கள் பலர். சாதாரணச் செய்திக்குத்தான் "தட்" வரும். கேள்விக்கு அது வராது. "ஷி ஆஸ்க்டு மீ வேர் ஐ லிவ்டு" என்பதே சரி. கேட்டது நேற்று ஆனபடியால் "லிவ்" என்பது "லிவ்டு" ஆகி விட்டதையும் பார்த்துக் கொள்ளுங்கள்.

தமிழே சொல்லித் தரும் ஒரு பரீட்சை

"டூ யூ நோ வேர் ஹி இஸ்?" என்பது சரி. ஆனால் அதே மாதிரி "டூ யூ திங்க் வேர் ஹி இஸ்?" என்று சொன்னால் தவறு. "வேர் டூ யூ திங்க் ஹி இஸ்?" என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு சமயம் "டூ யூ" முன்னால் வருகிறது. இன்னொரு சமயம் "வேர்" முன்னால் வருகிறது. எப்போது எது என்று எப்படித் தெரியும்?

இலக்கணப் புத்தகத்தைத் தேட வேண்டாம். அந்த வாக்கியத்தைத் தமிழில் ஒரு தரம் சொல்லிப் பாருங்கள்.

"அவர் எங்கே இருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியுமா?" கடைசியில் "ஆ" இருக்கிறது. இங்கிலீஷில் "டூ யூ" என்று தொடங்குங்கள்.

"அவர் எங்கே இருக்கிறார் என்று நினைக்கிறீர்கள்?" கடைசியில் "ஆ" இல்லை. இங்கிலீஷில் "வேர்" என்று தொடங்குங்கள்.

"எப்போது வருவார் என்று சொன்னாரா?" "ஆ" உண்டு. "டிட் ஹி சே வென் ஹி வுட் கம்?"

"எப்போது வருவார் என்று சொன்னார்?" "ஆ" இல்லை. "வென் டிட் ஹி சே ஹி வுட் கம்?"

தமிழ் நம்மைத் தடுக்கி விடுகிறது என்று சற்று முன் குறை சொன்னேன். கை கொடுத்துத் தூக்கி விடுவதும் அதே தமிழ்தான்!

திருப்பலே இல்லாத கேள்விகளும் சில உண்டு. "ஹூ டுக் தி கீ?" சாவியை யார் எடுத்தது? இதில் "ஹூ" என்பதே ஆள். ஆள் ஏற்கெனவே முதலில் நிற்கிறபடியால் திருப்ப ஒன்றும் இல்லை. உள்ளே வைத்தாலும் "ஐ நோ ஹூ டுக் தி கீ" என்று அப்படியே இருக்கும். "வாட் இஸ் தி மேட்டர்?" என்பதையும், "டெல் மீ வாட் இஸ் தி மேட்டர்" என்று மாற்றாமல் சொல்வது வழக்கத்தில் உள்ளதுதான்.

மார்க் வந்தது, பேச்சு வரவில்லை

இவ்வளவையும் சித்தி பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறாள் என்பதுதான் வேடிக்கை. ரென், மார்ட்டின் என்ற இருவர் 1930-களில் எழுதிய இலக்கணப் புத்தகத்தை இந்தியாவில் எத்தனை தலைமுறைகள் உருப்போட்டிருக்கின்றன! அந்த ரென் துரை, பாலைவனத்துப் பட்டாளத்தைப் பற்றி 1924-ல் "போ ஜெஸ்ட்" என்ற பிரபலமான நாவலை எழுதியவர். சாகசக் கதை எழுதிய கைதான் நம் பிள்ளைகளுக்கு இலக்கணமும் எழுதியது என்பது பலருக்குத் தெரியாது.

நேர்க்கூற்று, அயற்கூற்று என்று ஒரு கணக்குப் போலத்தான் நாம் இதைப் படித்தோம். மேற்கோள் குறியை எடு. "ஸெட்" என்பதை "ஆஸ்க்டு" ஆக்கு. கேள்விக் குறியை அழித்து முற்றுப்புள்ளி வை. ஐந்து வாக்கியத்துக்கு ஐந்து மார்க். இது ஆஸ்பத்திரியிலும், பாங்கிலும், ரயில்வே ஸ்டேஷனிலும் வாயில் வைத்துக் கொள்ள வேண்டிய மரியாதை என்று யாரும் நமக்குச் சொல்லவில்லை. தையல் வகுப்பில் காகிதத்தை வெட்டி ரவிக்கை தைத்த மாதிரி! மார்க் வந்தது, உடுத்திக் கொள்ள முடியவில்லை.

இது அப்படி ஒரு குற்றமா?

"அப்போ நான் தப்பாப் பேசினதாலதான் அவ சிரிச்சாளா?" என்று சித்தி கேட்டாள்.

இல்லவே இல்லை என்றேன். இந்தத் தடுமாற்றம் தமிழருக்கு மட்டும் உரியது அல்ல. ஹிந்திக்காரர்களுக்கும் உண்டு, இந்தியர்கள் பேசும் இங்கிலீஷின் அடையாளங்களில் ஒன்றாகவே மொழி ஆராய்ச்சியாளர்கள் இதைக் குறித்து வைத்திருக்கிறார்கள். அது கிடக்கட்டும். இங்கிலாந்துக்குப் பக்கத்தில் அயர்லாந்து இருக்கிறதே, அங்கே இங்கிலீஷையே தாய்மொழியாகப் பேசுகிறவர்கள் பேச்சு வழக்கில், "ஷி ஆஸ்க்டு ஹிம் வாஸ் ஹி கமிங்" என்று சர்வ சாதாரணமாகச் சொல்லுகிறார்கள். ஆப்பத்தை அவர்களும் திருப்புகிறார்கள்! அவர்களைப் பார்த்து இலக்கணம் தெரியாதவர்கள் என்று யார் சொல்ல முடியும்?

"டூ" என்ற கூலி ஆளும் ஆதியிலிருந்து இருந்தவன் அல்ல. பழைய இங்கிலீஷில் எல்லா வினைச்சொல்லையும் அப்படியே முன்னால் தள்ளிக் கேள்வி கேட்டார்கள். பதினாறாம் நூற்றாண்டில்தான் "டூ" மளமளவென்று பரவியது. மொழி என்பது மாறிக் கொண்டே இருப்பது. இன்றைக்கு எது சபையில் ஏற்கப்பட்டதோ, அதைப் பரீட்சையிலும், கடிதத்திலும், உத்தியோகப் பேட்டியிலும் கடைப்பிடிப்பது நமக்கு நல்லது. அதற்காகத்தான் கற்றுக் கொள்கிறோமே தவிர, தெரியாதவரைப் பார்த்துச் சிரிப்பதற்காக அல்ல.

"வெயிட்!" என்று தலை நிமிராமல் சொன்ன பெண்ணுக்கு இலக்கணம் தெரிந்திருக்கலாம். ஆனால் அன்று அந்த மேஜைக்கு இரண்டு பக்கமும் இருந்தவர்களில் மரியாதைக் குறைவாக நடந்தது யார்? நீங்களே சொல்லுங்கள்.

ஆகையால் சித்திக்கு நான் சொன்ன முடிவு இது. வார்த்தை வரிசை சரியாக வந்தால் மெத்தச் சரி. வரா விட்டாலும் "குட் யூ டெல் மீ" என்று ஆரம்பித்து விட்டால், பாதி மரியாதை போய்ச் சேர்ந்து விடும். அதுவும் மறந்து போனால் "மாத்திரை? பிஃபோர் புட்? ஆஃப்டர் புட்?" என்றாவது கேட்டு விட வேண்டும். தப்பாகக் கேட்ட கேள்வியைத் திருத்திக் கொள்ளலாம். கேட்காத கேள்வியை என்ன செய்ய முடியும்?

நீங்களும் திருப்பிப் பாருங்கள்

சமையல் முடிந்த பிறகு, கீழே உள்ள ஆறு வாக்கியங்களையும் திருத்திப் பாருங்கள். ஒன்றில் தவறே இல்லை. எது என்று கண்டுபிடியுங்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடமும் கொடுத்துப் பாருங்கள். விடைகள் பின்னால் இருக்கின்றன. முதலிலேயே அங்கே பார்ப்பவர்கள் ஏமாற்றுக்காரர்கள்!

1. "டூ யூ நோ வாட் டைம் இஸ் இட்?"
2. "வை யூ ஆர் க்ரையிங்?"
3. "ப்ளீஸ் டெல் மீ வேர் டஸ் திஸ் பஸ் கோ."
4. "ஐ ஆஸ்க்டு தி டீச்சர் தட் வென் வில் தி எக்ஸாம் பிகின்."
5. "ஐ டோண்ட் நோ ஹூ ப்ரோக் தி கப்."
6. "டூ யூ திங்க் வாட் ஷி வான்ட்ஸ்?"

விடைகள்: (1) "டூ யூ நோ வாட் டைம் இட் இஸ்?" (2) "வை ஆர் யூ க்ரையிங்?" இது நேர்க் கேள்வி, தோசை. (3) "ப்ளீஸ் டெல் மீ வேர் திஸ் பஸ் கோஸ்." (4) "ஐ ஆஸ்க்டு தி டீச்சர் வென் தி எக்ஸாம் வுட் பிகின்." (5) இதுதான் தவறில்லாதது. கப்பை உடைத்தது யார் என்பது மட்டும்தான் தெரிய வேண்டும்! (6) "வாட் டூ யூ திங்க் ஷி வான்ட்ஸ்?" தமிழில் "நினைக்கிறீர்கள்" என்று முடிகிறது, "ஆ" இல்லை.

சில மாதங்கள் கழித்துச் சித்தி மறுபடியும் புனேக்குப் போனாள். பேரனுக்குத் தடுப்பு ஊசி போட வேண்டும். அதே ஆஸ்பத்திரி, மகளும் கூடப் போயிருந்தாள். ஊசி போட்டு முடிந்து எல்லோரும் எழுந்த சமயம், சித்தி நர்ஸ் பக்கம் திரும்பி, மூச்சை இழுத்துப் பிடித்துக் கொண்டு, "குட் யூ டெல் மீ வெதர் ஐ கேன் கிவ் ஹிம் எ பாத் டுடே?" என்று கேட்டாளாம்.

குழந்தையை இன்று குளிப்பாட்டலாமா? ஒரு பாட்டிக்கு வர வேண்டிய கேள்விதான் அது. நர்ஸ் எழுதிக் கொண்டிருந்ததை நிறுத்தினாள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுச் சித்தியை உட்காரச் சொன்னாள். குளிப்பாட்டுவது, ஜுரம் வந்தால் கவனிப்பது, பால் கொடுப்பது எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக, நிதானமாகச் சொன்னாள். சித்தி நடுவில் இன்னும் மூன்று கேள்விகள் கேட்டாளாம். அவற்றில் ஒன்று குறுக்கே போய் விட்டதாம். நர்ஸ் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லையாம்.

அன்று ராத்திரி எனக்கு டெலிபோன் வந்தது. "ஹலோ" கூடச் சொல்லவில்லை.

"ஆப்பம் நல்லா வந்துச்சுடி!" என்றாள் சித்தி.